கோவிந்தன்மார் நடக்கும் வழி

கன்னியாகுமரி மாவட்டத்தில் பன்னிரண்டு சிவன் கோயில்களை ஒரே நடையில் தொழும் சிவாலய ஓட்டத்தின் வழியை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதன் வளைவு. தொடங்குகிற முஞ்சிறைத் திருமலையிலிருந்து முடிகிற திருநட்டாலத்துக்கு நேர்வழியில் போனால் ஒரு முற்பகலில் நடந்துவிடலாம். ஓட்டக்காரர்கள் போகும் தூரமோ ஏறக்குறைய 110 கிலோமீட்டர். கடற்கரைக்குப் பக்கத்தில் புறப்பட்டு, குழித்துறையாற்றை ஒட்டி வடக்கே ஏறி, மலையடிவாரத்தைத் தொட்டு, கிழக்கே வேளிமலை வரை போய், மறுபடி மேற்கே திரும்புகிறார்கள். விளவங்கோடு, கல்குளம் என்ற இரண்டு பழைய தாலுகாக்களை எல்லைக்கல் நட்டு அளந்ததுபோல இருக்கும் அந்தக் கோடு. நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த ஓட்டத்தை ஒரு வழியாகத்தான் முதலில் பார்க்கத் தோன்றுகிறது. விரதமும் வேண்டுதலும் அதற்குப் பிறகுதான்.

கோயில்கள் பன்னிரண்டு. திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம். மாசி மாதச் சிவராத்திரிக்கு முந்தின நாள் சாயங்காலம் திருமலையில் தொழுதுவிட்டுப் புறப்பட்டால், சிவராத்திரி இரவில் நட்டாலம் போய்ச் சேரலாம். ஒவ்வொரு கோயிலிலும் குளத்திலோ ஆற்றிலோ முங்கி ஈரத்துணியோடு உள்ளே போக வேண்டும். ஒரு கையில் பனையோலை விசிறி, இடுப்பிலோ தோளிலோ சிறு துணிப்பை. வாய் ஓயாமல் சொல்வது சிவன் பெயர் அல்ல: “கோவிந்தா, கோபாலா!” அதனால் ஊர்க்காரர்கள் இவர்களைக் கோவிந்தன்மார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

காரணக்கதை தெரியாத வீடு இந்தப் பக்கம் இல்லை. தருமரின் யாகத்துக்குப் புருஷாமிருகம் வேண்டும். பாதி மனிதன், பாதி புலி. சிவன் பெயரைத் தவிர வேறு பெயர் காதில் விழுந்தால் பொறுக்காது. அதை அழைத்துவரப் போன பீமனிடம் கண்ணன் பன்னிரண்டு ருத்திராட்சத்தைக் கொடுத்தனுப்பினான். பீமன் ‘கோவிந்தா, கோபாலா’ என்று கூவ, அது துரத்த, பிடிபடும் தறுவாயில் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போட, அது சிவலிங்கமாக, புருஷாமிருகம் நின்று பூசை செய்ய, பீமன் ஓட... இப்படிப் பன்னிரண்டு இடம். கடைசியில் பீமனின் ஒரு கால் புருஷாமிருகத்தின் எல்லைக்குள்ளும் மறுகால் வெளியேயும் இருக்கும்போது பிடிபட்டான். வழக்கு தருமரிடம் போனது. தம்பி என்று பார்க்காமல், எல்லைக்குள் கிடக்கும் பாதி உடம்பு புருஷாமிருகத்துக்கே உரியது என்று தருமர் தீர்ப்புச் சொன்னார். அதற்குப் பிறகு நட்டாலத்தில் கடவுள் சங்கரநாராயணராகத் தோன்றி இருவரையும் சேர்த்துவைத்தார். வாழ்நாள் முழுக்க எல்லைத் தகராறுகளுக்கு நடுவே சங்கிலி இழுத்தவனுக்கு இந்தத் தீர்ப்பு எப்போதும் மனதில் நிற்கும். கல் எங்கே கிடக்கிறதோ அதுதான் கணக்கு. யாருடைய தம்பி என்பது கணக்கில் வராது.

முஞ்சிறையில் வரலாறு காலடியிலேயே கிடக்கிறது. திருமலைக் கோயில் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பார்த்திவபுரம். கி.பி. 866-இல் ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடம் நிலம் மாற்றி வாங்கி, அங்கே ஒரு விஷ்ணு கோயிலைக் கட்டி, பக்கத்தில் ஒரு சாலையும் அமைத்தான். சாலை என்றால் அந்தக் காலத்தில் வேதம் படிப்போர் தங்கிப் படித்த கூடம். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்ட இதில் 95 பேருக்கு இடம். எந்த வேதப்பிரிவுக்கு எத்தனை பேர் என்பதையும் செப்பேடு பிரித்துச் சொல்கிறது: 45, 36, 14. சண்டை போட்டால் தண்டம், கூட்டத்துக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது என்று விடுதி விதிகளும் உண்டு. ஒரு அரசன்கூட நிலம் வேண்டுமென்றால் ஊர்ச்சபையிடம் பதில் நிலம் கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறான். எல்லைகளைச் செம்பில் வெட்டிவைத்திருக்கிறான். ஆயிரத்து நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய அந்த ஆவணம் எங்கள் துறைக்கு முன்னோடி என்றே நான் நினைக்கிறேன்.

அதே முஞ்சிறையை ஒட்டித்தான் புதுக்கடை. 1954 ஆகஸ்ட் 11 அன்று, தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுத் திரண்டவர்கள் மேல் இங்கேயும் மார்த்தாண்டத்திலும் போலீஸ் சுட்டது. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டம் அது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. ஓட்டக்காரர்கள் நடக்கும் இரண்டு தாலுகாக்கள் மாவட்டத்தின் மேற்குப் பாதி. கிழக்குப் பாதியான நாஞ்சில் நாட்டில் வீடுகள் தெருவாகச் சேர்ந்திருக்கும், ஊரைச் சுற்றி வயல் விரிந்து கிடக்கும். மேற்கே அப்படி இல்லை. ஒவ்வொரு வீடும் தன் விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், தனியே நிற்கும். விளைகளுக்கு நடுவே கையாலைகள் என்ற மண்சுவர்கள். இரண்டு கையாலைக்கு இடையில் பள்ளமாக ஓடும் ஒற்றை வழி. அது இறங்கினால் ஏலா என்ற வயல்வெளி, ஏலாவின் வரப்பு, வரப்பு முடிந்தால் தோடு என்ற ஓடை, தோட்டைத் தாண்டினால் மறுபடி மேடு. சுண்ணாம்புப் பாறைப் பள்ளத்தாக்குகளில் நாள் முழுக்க நடக்கப் போகிறவர்களைப் பற்றி இங்கிலாந்துப் புத்தகங்களில் படித்திருக்கிறேன். எங்களுக்குச் சுண்ணாம்புக்கல் இல்லை. செம்மண்ணும் கருங்கல் பொற்றையும்தான். ஆனால் ஏறி இறங்கி ஏறும் அந்த நடை இங்கேயும் உண்டு. இந்த நடைக்கென்றே ஒரு மக்கள்கூட்டம் வருஷத்துக்கொரு முறை வெளியே வருகிறது.

விசிறியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டுக் கதை அதற்குள்தான் இருக்கிறது. என் தாத்தா பனையேறி. கல்குளம் தாலுகாவில் பிறந்து, விடியுமுன் மரமேறி, அக்கானி இறக்கிக் கருப்பட்டி காய்ச்சிப் பிழைத்தவர். விசிறிக்கு முற்றின ஓலை ஆகாது, மடித்தால் ஒடியும். கிளிக் குருத்தும் ஆகாது, காய்ந்தால் சுருளும். இரண்டுக்கும் நடுப்பட்ட ஓலையைப் பார்த்து வெட்டி, நிழலில் வாட்டி, பலகைக்கடியில் வைத்துக் கல்லேற்றி அமர்த்தி, மட்டையைக் கைப்பிடியாக விட்டுச் சுற்றிலும் நறுக்கி, ஓரத்தைச் சிறு ஓலை நாரால் தைக்க வேண்டும். தைமாதம் முழுக்க வீட்டில் இதுதான் வேலை என்று அப்பா சொல்வார். சந்தைக்குப் போய் விற்ற அந்த விசிறிகள் பன்னிரண்டு கோயில் நடைக்கும் போயின; சுவாமிக்கு வீசின. வெட்டித் தைத்தவர் அந்த நடைகளுக்குப் போக முடியாது. கோயிலுக்குள் மட்டுமல்ல, கோயிலைச் சுற்றிய வழியிலும் அவருக்கு இடமில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோயிலை ஒட்டி வழி திரும்பும் இடத்தில், தாத்தா ஏலாவுக்குள் இறங்கி வரப்பு வழியே சுற்றி, அந்தப் பக்கத்தில் ஏறி வருவாராம். தலையில் கருப்பட்டிச் சுமை.

திருவிதாங்கூரில் கோயில் நுழைவுக்கு முன்னால் நடந்த போராட்டங்களைப் பாருங்கள்: 1924-25-இல் வைக்கத்தில் நடந்தது, 1926-இல் சுசீந்திரத்தில் நடந்தது, இரண்டுமே நடைவழிக்கான போராட்டங்கள். வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய சாலையில் எல்லோரும் நடக்க வேண்டும் என்று கேட்டார்கள். சுசீந்திரத்தில் தேர்வீதியில் நடக்க வேண்டும் என்று கேட்டார்கள். நடப்பதற்கே போராட வேண்டியிருந்த நாடு இது. அதே ஆண்டுகளையொட்டி, 1932-இல், இங்கிலாந்தின் டெர்பிஷயரில் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் ஆலைத் தொழிலாளர்கள் கூட்டமாக ஏறினார்கள். அந்த மேடு நிலப்பிரபுக்களின் வேட்டைக்காடு. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அங்கே குறுக்கே நின்றது சொத்து, இங்கே குறுக்கே நின்றது பிறப்பு. சொத்தை ஒருவன் சம்பாதித்துத் தாண்டலாம். என் தாத்தாவுக்கு அந்த வழியும் இல்லை.

1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அதற்குப் பிறகு வந்த முதல் சிவராத்திரி 1937-இல். ஓட்டம் எவ்வளவு பழையது என்று பலரும் கேட்பார்கள். என் கணக்கில் அது இரண்டு முறை பிறந்தது. எல்லோருக்குமான ஓட்டம் 1937 மாசியில்தான் பிறந்தது. தாத்தா அந்த வருஷம் போகவில்லை. போன ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு, இன்னும் இரண்டு வருஷம் கழித்துத்தான் போனார். கையில் தான் தைத்த விசிறி. திருமலை நடையில் வெகுநேரம் நின்று, யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை என்று கண்ட பிறகே படியேறினார். அன்று அவருக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. இதை அப்பா சொல்லும்போது குரல் மாறாது. சொல்லி முடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

திருமலையிலிருந்து திக்குறிச்சிக்குப் போகும் வழி வெட்டுவெந்நி, மார்த்தாண்டம் வழியாக. மார்த்தாண்டத்தின் பழைய பெயர் தொடுவெட்டி. சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். கடைவிளக்குகளுக்கு நடுவே ஈரக்காவியோடு ஓடும்போது இரண்டு பக்கமும் தண்ணீர்ப்பந்தல்கள். சுக்குவெந்நீர், பானகம், மோரு, அவித்த கடலை, மரச்சீனிக்கிழங்கு. மரச்சீனி எல்லோர் விரதத்துக்கும் ஆகாது. இளநீரும் நுங்கும் மட்டும் தொடுகிறவர்கள் உண்டு. கொடுப்பவர்களில் பாதிப்பேர் கோயிலுக்கே போகாதவர்கள். திக்குறிச்சி தாண்டி, சிதறாலுக்கு முன்னால் ஒரு வீட்டு வாசலில், கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்ட கிழவி ஒருத்தி நடு இரவில் பானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எங்கயாக்கும் ஊரு மக்களே?”

“இரணியல் பக்கம் அம்மச்சி.”

“இன்னும் எம்பிடு தூரம் கெடக்கு! மோரு குடிச்சிட்டுப் பைய போ. ஓடப்பிடாது கேட்டியா, பையப் போ.”

காந்தாரி மிளகும் இஞ்சியும் சதைத்துப் போட்ட மோர். தொண்டை எரிந்தது, தூக்கம் போய்விட்டது.

திக்குறிச்சி ஆற்றங்கரைக் கோயில். சிவன் கோயில்தான், ஆனால் நந்தி கிடையாது. அந்த ஆறு, கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து வரும் தாமிரபரணி, குழித்துறையாறு என்பார்கள். இங்கே முங்கிவிட்டு ஞாறாம்விளை, சிதறால், அருமனை, களியல் என்று மேலேறினால்தான் திற்பரப்பு. இந்தப் பகுதிதான் மொத்த வழியிலும் நீண்டது, இருட்டிலே நடப்பது.

சிதறால் குன்றை இருட்டில் ஒரு கறுத்த முதுகாகத்தான் பார்க்க முடியும். பகலில் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டிய இடம். திருச்சாரணத்து மலை என்பது பழைய பெயர், சமணர் மலை. பாறை விலாவில் தீர்த்தங்கரர்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள்; சிங்கத்தோடும் பிள்ளைகளோடும் நிற்கும் அம்பிகையும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், பேரயிற்குடி அரட்டநேமி படாரரின் மாணாக்கி குணந்தாங்கிக் குறத்திகள் இந்தக் கோயில் படாரியாருக்குப் பொன்னணி கொடுத்ததை வட்டெழுத்துக் கல்வெட்டு சொல்கிறது. ஒரு பெண் துறவி, அவள் ஆசானின் பெயர், அவள் கொடுத்த பொன். மலையேறி வந்து கல்லில் தன் பெயர் இருக்கும்படி செய்திருக்கிறாள். பின்னாளில் அதே படாரி பகவதியானாள். இப்போது அந்த மலைக்கோயிலில் பகவதிக்குப் பூசை.

திற்பரப்பில் கோதையாறு பாறை மேல் பரந்து விழுகிறது. கோயில் அருவிக்கு மேலே ஆற்றோரத்தில். குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது காலில் எத்தனை இடத்தில் தோல் போயிருக்கிறது என்று தெரியும். பிறகு திருநந்திக்கரை. அங்கே பாறையைக் குடைந்த கோயில் ஒன்று இருக்கிறது. அதுவும் ஒரு காலத்தில் சமணர் இருந்த இடம் என்று சொல்வார்கள். சுவரில் பழைய ஓவியத்தின் மிச்சம் மங்கலாகக் கிடக்கிறது. ராஜராஜ சோழனின் 18-ஆம் ஆண்டுக் கல்வெட்டும் இங்கே உண்டு. கடலோர முட்டத்துக்கு மும்முடிச்சோழநல்லூர் என்று பேர் மாற்றி, தன் பிறந்த நாளான சதயத் திருவிழாவுக்கு அதைக் கொடுத்திருக்கிறான். தஞ்சாவூரிலிருந்து இங்கே வந்து ஜெயித்தவன், ஜெயித்த ஊரின் பெயரை அழித்துத் தன் பேரை எழுதி, மலைக்குள் ஒரு பாறையில் பதிவு செய்தான். ஆயிரம் வருஷத்துக்குப் பிறகும் ஊர் முட்டம்தான். பத்திரத்தில் எழுதுவது ஒன்று, ஊர்வாயில் நிற்பது வேறொன்று; வேலை செய்த காலத்தில் நாங்கள் அன்றாடம் பார்த்தது இது.

விடியும்போது ரப்பருக்குள் நிற்போம். குலசேகரம், பொன்மனைப் பக்கம் முழுக்க ரப்பர்தான். மாசியில் ரப்பர் இலை உதிர்த்துப் புதுத்தளிர் விடும். பால்வெட்டு நின்றிருக்கும், சிரட்டைகள் மரத்தில் கவிழ்ந்து தொங்கும். தரையெல்லாம் காய்ந்த இலை. நூறுபேர் வெறுங்காலோடு நடக்கும்போது எழும் சரசரப்பு பேச்சையே மறைத்துவிடும். ஒரு தளிரைப் பறித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: செம்பு நிறம், காம்பு மூன்றாகப் பிரியும் இடத்தில் சின்னச் சுரப்பிகள், அதில் ஒரு துளி மினுக்கம். தேன் அங்கேதான் ஊறுகிறது, பூவில் அல்ல. அதனால்தான் சிவராத்திரிக் காலத்தில் தோட்டங்களுக்குள் தேன்பெட்டிகள் வரிசையாக நிற்கும். 1920-களில் மார்த்தாண்டத்துக்கு வந்த ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் கிராம மறுசீரமைப்பு வேலையோடு பெட்டியில் தேனீ வளர்ப்பதையும் பரப்பினார். மார்த்தாண்டம் தேன் என்று பேர் வாங்கினது அதற்குப் பிறகு. 1990-களின் தொடக்கத்தில் நோய் வந்து கூடுகள் காலியாகி, வளர்த்தவர்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

ரப்பர் வந்ததில் விளைகளுக்கு வருமானம் வந்தது. மறுக்க மாட்டேன், என் சொந்தக்காரர்கள் பலர் அதில்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். ஆனால் பனை போனது, அயனிப் பிலா போனது, ஏலா மேடானது. ஏலா மேடானதும் வரப்பு வழி போனது. பழைய புலப்படத்தில் புள்ளிக்கோடாக இருந்த நடைபாதைகள் பலவற்றை நான் களத்தில் தேடியிருக்கிறேன். கல் இருக்கும், வழி இருக்காது; அல்லது வழி இருக்கும், கல் மதிலுக்குள் போயிருக்கும். தண்ணீர் வந்த வழியும் மாறியிருக்கிறது. 1906-இல் பேச்சிப்பாறை அணை, 1953-இல் பெருஞ்சாணி அணை, 1966-இல் மாத்தூரில் பரளியாற்றின் மேல் 115 அடி உயரத்தில் தொட்டிப்பாலம். சானல் வெட்டினார்கள், சானல்கரை வழியானது. ஓட்டக்காரர்களின் பாதையில் சில துண்டுகள் இன்று சானல்கரைதான். இழந்த வரப்புக்குக் கிடைத்த பதில் வழி என்று அவற்றைச் சொல்லலாம்.

பொன்மனையும் பன்னிப்பாகமும் கடந்து, குமாரபுரம், முட்டைக்காடு வெயிலைத் தாண்டினால் கல்குளம். நீலகண்டசுவாமி கோயிலும் அதன் பெரிய குளமும். அந்தக் குளத்தின் பேரில் ஊர், ஊரின் பேரில் தாலுகா. மார்த்தாண்டவர்மா இதைக் கற்கோட்டையாக்கிப் பத்மநாபபுரம் என்றார். 1795 வரை தலைநகரம். அரண்மனை இன்றும் கேரள அரசின் பொறுப்பில். எல்லை பிரிந்தபோது நிலம் இங்கே வந்தது, வீடு அங்கே நின்றது.

இந்தக் கோட்டைக்குள் நடக்கும்போது எனக்கு இரண்டு பேர் நினைவு வரும். ஒருவர் தோள்சீலைக்காகத் தெருவில் அடிபட்ட பெண். அவள் ஒருத்தி அல்ல. 1822-இல் கல்குளம் பக்கம் தொடங்கின கலவரம் 1859 வரை விட்டுவிட்டு நடந்தது. மார்பை மூடிக்கொண்டு சந்தைக்குப் போனதற்காக ரவிக்கையைக் கிழித்தார்கள். பள்ளிகளையும் ஜெபவீடுகளையும் கொளுத்தினார்கள். 1859 ஜூலையில் அரசு உத்தரவு வந்தது. அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. இன்று ஓட்டத்தில் பெண்களும் நடக்கிறார்கள். அவர்களில் அந்தப் பெண்களின் கொள்ளுப்பேத்திகள் உண்டு.

இன்னொருவர் நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டபிள்ளை. இதே நீலகண்டசுவாமி கோயிலில் பணி செய்தவர், அரண்மனை உத்தியோகத்தர். குளச்சல் போரில் 1741-இல் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்டவர்மாவின் படைத்தலைவரான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாயின் பழக்கத்தால் கிறிஸ்தவரானார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு, பெயர் தேவசகாயம். 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று வத்திகானில் புனிதராக அறிவித்தார்கள். வாழ்க்கையின் தொடக்கம் ஓட்டத்தின் பன்னிரண்டாம் கோயில் ஊரில், வேலை ஏழாம் கோயிலில். மேலாங்கோடு கடந்து புலியூர்க்குறிச்சிப் பக்கம் வரும்போது முட்டிடிச்சான்பாறை: தாகத்தில் அவர் முழங்கையால் இடிக்க, பாறையில் நீர் ஊறியது என்று மக்கள் நம்புகிறார்கள். பக்கத்தில் உதயகிரிக் கோட்டை. அதற்குள் டிலனாயின் கல்லறையில் லத்தீனும் தமிழும்.

மேலாங்கோட்டில் காலகாலர் கோயிலை விட ஊர்வாயில் பெரிசாக நிற்பது இயக்கிகள் இருவர், அக்காளும் தங்கையும். செண்பகவல்லி, நீலபிள்ளை. கொலையுண்ட பெண்கள் இயக்கியாகி நிற்பது எங்கள் நாட்டு வழக்கம். சிவனைத் தொழ வந்தவர்கள் அங்கேயும் ஒரு கும்பிடு போடாமல் நகர மாட்டார்கள். குறிப்பாகப் பெண்பிள்ளை பெற்றவர்கள்.

வில்லுக்குறியருகே திருவிடைக்கோடு பார்த்துவிட்டு மேற்கே திரும்பினால் தக்கலை. தென்காசியில் பிறந்து இங்கே வந்து தறி நெய்து வாழ்ந்த ஞானி பீர்முகமது அப்பாவின் தர்கா இங்கே. அவர் பாடின ஞானப்புகழ்ச்சியை வருஷத்துக்கொரு நாள் இரவு முழுக்கக் கூடியிருந்து பாடுவார்கள். பிறகு கேரளபுரம், திருவிதாங்கோடு. ஒரு ராஜ்யத்துக்கே பெயர் கொடுத்த ஊர். கல்குளத்துக்கு அரண்மனை போகுமுன் இதுதான் வேணாட்டு அரசர்களின் இருப்பிடம். கோயிலுக்குப் பக்கத்திலேயே அரப்பள்ளி, தோமையார் கட்டினது என்று மரபு சொல்லும் கல்கட்டடம். பெரிய ராஜ்யத்தின் ஞாபகத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிற சிறிய ஊர் அது. ஓட்டக்காரர்களுக்கு அங்கே நின்று பார்க்கத் தெம்பிருக்காது. அந்நேரம் விளக்கு வைத்திருக்கும். கால்கள் தம்பாட்டில் நடக்கும்.

கோழிப்போர்விளை, பள்ளியாடி வழியாகத் திருப்பன்றிக்கோடு; அங்கிருந்து நட்டாலம் பக்கம்தான். இந்தக் கடைசித் துண்டில்தான் வண்டி நெரிசல் அதிகம். இப்போது பெரும்பாலோர் இருசக்கர வண்டியிலும் வேனிலும் பன்னிரண்டு கோயிலையும் பார்த்துவிடுகிறார்கள். அவர்கள் பக்தியை நான் குறைத்துப் பேச மாட்டேன். முட்டுவலிக்காரர்களும் கைக்குழந்தைக்காரர்களும் வேறெப்படிப் போவார்கள்? ஆனால் நடப்பவர்கள் குறைந்தால் வழி போய்விடும். நடைவழிக்கு உரிமைப்பத்திரம் கிடையாது. கால் பட்டுக்கொண்டிருப்பதுதான் அதன் பத்திரம். இங்கிலாந்தில் 1949-இல் ஒரு சட்டம் போட்டு, மக்கள் வழக்கமாக நடக்கும் பாதைகளையெல்லாம் கவுண்டி வாரியாக வரைபடத்தில் ஏற்றச் சொன்னார்கள். ஏறிய பாதையை நிலம் வைத்திருப்பவர் அடைக்க முடியாது. ஜப்பானில் ஷிகோகு தீவின் 88 கோயில் நடைக்கு, ஏறக்குறைய 1200 கிலோமீட்டருக்கும், கல்லும் பலகையும் நட்டு வழி காட்டியிருக்கிறார்கள். நமக்கு 110 கிலோமீட்டர். திருவிதாங்கூர்க் காலத்துச் செட்டில்மென்ட் பதிவும் பிந்தைய புலப்படங்களும் நம் கையில் இருக்கின்றன. பகுதி பகுதியாக உட்கார்ந்தால் இந்தப் பாதை எந்தெந்த சர்வே எண்ணை ஒட்டிப் போனது, எங்கே புறம்போக்கு, எங்கே யார் மதில் முன்னால் வந்திருக்கிறது என்று ஒன்றொன்றாய்ச் சொல்லிவிடலாம். செய்ய முடிகிற வேலை.

நட்டாலத்தில் குளத்தின் ஒரு கரையில் மகாதேவர், மறுகரையில் சங்கரநாராயணர். கடைசி முங்கலுக்குப் பிறகு கிடைப்பது சந்தனம். படித்துறையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கால் கொப்புளத்தை ஊசியால் உடைத்துக்கொண்டிருந்த பையன்கள் அருமனைப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள். களியலுக்கு முன்னால் தார்ரோட்டிலேயே நடந்து காய்ந்துபோனதாகச் சொன்னார்கள். ஏலாவழியாக ஒரு குறுக்குவழி உண்டு என்று அவர்கள் தாத்தாவும் சொல்வாராம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

“மாமா, ஒங்களுக்குத் தெரியுமா?”

பையன் ஒருத்தனின் விசிறியை வாங்கி, அதன் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் தோட்டையும், பழைய கடவையும், ஆலமரத்தடி எல்லைக்கல்லையும் வரைந்து காட்டினேன். அடுத்த மாசிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பகல்வெளிச்சத்தில் அதை நடந்து பார்ப்பதென்று பேச்சு. வெட்டுக்கத்தி ஒன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கையாலையை மூடிக் காடு வளர்ந்திருக்கும்.